நான் அசையவே இல்லை

டைனோசர் படம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிவியில் ஓடினால் அணைத்துவிடுவேன். அப்போதெல்லாம் கை தானாக இடது புருவத் தழும்புக்குப் போகும்.

அப்போது எனக்கு எட்டு வயது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மாமா, அம்மாவின் தம்பி, மன்னார்குடி தியேட்டருக்கு என்னை ஒரு டைனோசர் படத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசிக்கொண்டே ஓடினார்கள். பெரிய டைனோசர் வந்ததும் சிலை மாதிரி நின்றார்கள். அது பார்க்காமல் போய்விட்டது.

"அசையாம நின்னா அதுக்குக் கண்ணு தெரியாது. சயின்ஸ்!" என்றார் மாமா, ஏதோ கொல்லையில் ஒன்றை வளர்த்தவர் மாதிரி.

மறுவாரம் நன்னிலத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். களத்தில் காயப்போட்ட நெல்லை அவர் வளர்த்த வான்கோழி மேய்ந்துகொண்டிருந்தது. கையை வீசி விரட்டினேன். அது இறக்கையை விரித்து, கழுத்துச் சதை ரத்தமாகச் சிவக்க, என்னை நோக்கி வந்தது. ஓடத் திரும்பினேன்.

"ஓடாதடி! அசையாம நில்லு, ஒண்ணும் பண்ணாது!" என்று கத்தினார் நெல்மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மாமா.

மாமா சொன்னால் எனக்கு வேதவாக்கு. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். அது நேராக முகத்தில் பாய்ந்து கொத்தியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். "வேளாங்கண்ணி மாதாதான் கண்ணைக் காப்பாத்துனா" என்று பெரியம்மா அழுதார். "ஓடாம ஏண்டி நின்னே?" என்றார் அம்மா. நான் மாமாவைப் பார்த்தேன்.

"நான் சரியாத்தான்க்கா சொன்னேன். இவ அசைஞ்சிட்டா."

அவ்வளவுதான், எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். நான் அசையவே இல்லை என்று கதறியது யார் காதிலும் ஏறவில்லை. பொய் சொல்லாதே என்று அம்மா அதட்டினார். ஞாயிற்றுக்கிழமை வான்கோழி குழம்பானது. கால் துண்டு மாமா இலைக்குப் போனது.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெரிய டைனோசருக்குக் கண்கள் முன்பக்கம் பார்த்தபடி இருந்தன, பார்வை படுகூர்மை. நின்றாலும் பார்க்கும், ஓடினாலும் பார்க்கும். மோப்பம் வேறு. அதே படத்தில் ஆள் உயரத்துக்கு நின்று பயமுறுத்திய இன்னொன்று நிஜத்தில் வான்கோழி அளவுதான், உடம்பெல்லாம் இறகோடு! பறவைகளே டைனோசர் வம்சம்தானாம். பாவிகள், அளவை ஏற்றி, இறகைப் பிடுங்கி, பல்லித்தோலைப் போர்த்திக் காட்டியிருக்கிறார்கள்.

அன்றே மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அன்னைக்கு நீ அசைஞ்சிருப்பேடி."

பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

அந்த எட்டு வயதில் எல்லோரும் சொல்லச் சொல்ல, கொஞ்சம் அசைந்துதான் விட்டேனோ என்று நானும் நம்பியிருந்தேன். அந்த லீவு முழுக்க, புருவத்தில் கட்டோடு, பெரியம்மா வீட்டுக் கண்ணாடி முன்னால் மூச்சடக்கி அசையாமல் நின்று பழகினேன். அடுத்த முறையாவது சரியாக நிற்க வேண்டும் என்று. முதல் முறையே சரியாகத்தான் நின்றோம் என்பது அந்தச் சிறுமிக்குத் தெரியவில்லை.