நாலாவது கை

எங்கள் நகராட்சியில் கலை பண்பாட்டுக் குழு என்று ஒன்று உண்டு. அது வருடா வருடம் ஓர் ஆண்டறிக்கை போடும். வழவழவென்ற தாளில் நாற்பது பக்கம். முதல் பக்கத்தில் உறுப்பினர்கள் ஏழு பேரின் படமும் வரிசையாக இருக்கும். மூன்றாவது படம் என்னுடையது, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன். அந்த நாற்பது பக்கத்தையும் எழுதி, திருத்தி, அச்சகத்துக்கு அலைந்து, கட்டுக் கட்டாகத் தூக்கி வருகிற ஆள் யார் என்று தேடினால் கடைசி அட்டையின் உள்பக்கத்துக்குப் போக வேண்டும். 'தட்டச்சு: அலுவலகம்' என்று போட்டிருக்கும். அந்த அலுவலகம் என்பது ஒரே ஒரு பெண்மணி. செயலர் அம்மா என்று கூப்பிடுவோம். அவரைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை என்று தெரிந்துதான் நான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு பழைய வெல்டிங் மிஷினை வைத்துத் தொழில் தொடங்கினேன். இன்றைக்குக் கடைவீதியில் ஏற்றி இறக்குகிற ஷட்டர்களில் பாதி என் பட்டறையில் செய்தவை. ஒரு தடவை லாரி ஒன்று பின்னோக்கி வந்து என் ஷட்டரில் மோதியது. லாரிதான் நசுங்கியது, சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளலாம். குழுவில் சுயதொழில் செய்பவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. ஆறு வருடத்துக்கு முன்னால் கடிதம் வந்தது. கலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஷட்டரில் பூ வேலைப்பாடு வைத்த முதல் ஆள் இந்த ஊரில் நான்தான்.

குழுவின் அலுவலகம் பழைய பம்ப் ஹவுஸ் மாடியில் இருக்கிறது. மேசைக்கு ஒரு கால் கட்டை. அதற்கு அடியில் பழைய ஆண்டறிக்கைகள் நாலை மடித்து முட்டுக் கொடுத்திருக்கும். அந்த அறிக்கை வேறு எதற்காவது பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

செயலர் அம்மா முதலில் குடிநீர்ப் பிரிவில் தட்டச்சராக இருந்தவர். ஒரே கடிதத்தை மூன்று தடவை எதற்கு அடிக்கச் சொல்கிறீர்கள் என்று ஓர் அதிகாரியைக் கேட்டாராம். மறு வாரமே இங்கே மாற்றிவிட்டார்கள். அவர்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுத்ததை இவர் பதினொரு வருடமாக வேலையாகச் செய்துகொண்டிருக்கிறார்.

வருடப் பிறப்பிலிருந்து அவருக்கு ஓட்டம்தான். முதலில் சுவர் ஓவியம். டேப்பை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சுவர்களை அளப்பார். அப்புறம் பள்ளிக்கூடங்களுக்கு ஓவியப் போட்டி. எண்ணூறு படம் வந்து சேரும். ஈரம் காய்கிறவரை மாடிப்படி முழுக்க விரித்து வைத்திருப்பார், நாங்கள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கால் வைக்க இடம் தேடி ஏறுவோம். அடுத்து புகைப்படக் கண்காட்சி. ஆணி அடிப்பதும் அவரே. நான் ஒரு தடவை பார்த்தேன், ஒரே அடியில் நேராக இறங்கியது. பட்டறைக்கு வந்துவிடுங்கள் என்றேன். "அங்கேயும் மீட்டிங் போடுவீங்களா ஐயா?" என்று கேட்டார். பிறகு வாசிப்புக் கூட்டம், அறுபது நாற்காலி போடுவது, அறுபதையும் திரும்ப அடுக்குவது. கடைசியில் அறிக்கை.

கணவர் பேருந்து ஓட்டுகிறார். இவர் வீட்டுக்குள் நுழையும்போது அவர் வெளியே கிளம்புவார். "எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை எல்லாம் சமையலறை காலண்டர்லதான். நான் திங்கட்கிழமை கேள்வி எழுதினா அவர் புதன்கிழமை பதில் எழுதுவார்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவருக்கென்று ஓர் ஆசை உண்டென்றால் அது அலுவலகத்துக்கு அடுத்த அறை. நீளமான அறை, மரத்தரை, நாலு ஜன்னல். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் பதினோரு பேர் வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து அங்கே வந்து நாடகம் பழகினார்கள். என் தங்கையும் அதில் ஒருத்தி. கணவனை இழந்து என் வீட்டோடு இருப்பவள். பன்னிரண்டு வருடம் வீட்டில் வாயே திறக்காமல் இருந்தவள், நாடகத்தில் போலீஸ்காரி வேஷம் கட்டிய பிறகு என்னையே நிற்க வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். செயலர் அம்மா நடிக்க மாட்டார். ஓரமாக ஸ்டூல் போட்டுத் தாளை வைத்துக்கொண்டு, யாராவது வரியை மறந்தால் எடுத்துக் கொடுப்பார். தாளைப் பார்க்காமலே கொடுப்பார் என்று தங்கை சொன்னாள். பதினோரு பேர் வசனமும் மனப்பாடம்.

அந்த அறைக்கு நிரந்தர அனுமதி கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செயலர் அம்மா தற்காலிகம் என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் நகராட்சிக்குப் புது மேலதிகாரி வந்தார். சீட்டெல்லாம் செல்லாது, அறை வேண்டுமானால் வருடக் கடைசிக்குள் குழுவின் தீர்மானம் வர வேண்டும், இல்லாவிட்டால் வரிப் பிரிவின் கோப்புகளை அங்கே அடுக்கப் போகிறேன் என்று எழுதிவிட்டார்.

தீர்மானம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏழு பேரில் நாலு பேர் அறையில் இருக்க வேண்டும், நாலு பேரும் கை தூக்க வேண்டும். அந்த நாலு பேரைச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும். எந்த விஷயம் முதலில் என்று வரிசை போடுவது தலைவர். அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். முதல் விஷயம் எப்போதும் குழுப் படம் எடுப்பதுதான். படம் எடுத்ததும் டாக்டருக்கு நோயாளி ஞாபகம் வரும். வார்டு உறுப்பினருக்குப் போன் வரும். புத்தகக் கடைக்காரர் கும்பிட்டுவிட்டு நழுவுவார். இரண்டாவது விஷயம் சான்றிதழின் ஓரத்துக்கு நீலமா பச்சையா என்பது. அது ஒரு மணி நேரம் ஓடும். அறை விஷயம் ஒன்பதாவது. ஒன்பதுக்குப் போனதே இல்லை.

வருடத்தின் கடைசிக் கூட்டத்துக்கு முன்னால் செயலர் அம்மா பட்டறைக்கே வந்தார். தீப்பொறி பறக்கிற இடத்தில் கைக்குட்டையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்று, "ஐயா, இந்தத் தடவை கடைசிவரைக்கும் இருந்துடுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

"நான் எந்தக் கூட்டத்துக்கு வராம இருந்திருக்கேன்? என் வருகைப் பதிவேட்ட எடுத்துப் பாருங்க" என்றேன்.

"வர்றதப் பத்தி இல்லைங்கய்யா" என்றார்.

அன்றைக்கு வழக்கம்போல மூன்று பேர் நழுவியபின் மிச்சம் இருந்தது தலைவர், ரிட்டயரான தலைமை ஆசிரியர், நடன டீச்சர், நான். செயலர் அம்மா நோட்டோடு மேசை ஓரத்தில். ஒவ்வொரு விஷயமாக அவர் எங்களைத் தள்ளிக்கொண்டே போனார். நாலரை மணிக்கு ஏழாவது விஷயத்துக்கு வந்துவிட்டோம். இதுவே சரித்திரம். சுவர் ஓவியத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பது ஏழாவது. வாசகத்தை யாராவது வாசியுங்கள் என்றார் தலைவர். தாள் என் கையில் இருந்தது, வாசித்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் நான் பாதிச் சொல்லில் நிற்கும்போதெல்லாம் தலைமை ஆசிரியர் மீதிப் பாதியைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நாலாவது தடவை, "நீங்க விடுங்க, நான் வாசிக்கிறேன். உங்களுக்கு ஏத்தி இறக்கிப் பழக்கம் ஷட்டர்லதானே" என்றார். நடன டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இவ்வளவு படிச்சிருக்கீங்களே சார், உங்களால ஒரு கதவ நேரா மாட்ட முடியுமா?" என்றேன்.

"கதவு மாட்டத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார்.

எழுந்துவிட்டேன். செயலர் அம்மாவும் எழுந்தார். "ஐயா, உக்காருங்க. இன்னும் ரெண்டே விஷயம்."

எனக்குக் கோபத்திலும் கணக்குத் தப்பாது என்று ஒரு பெருமை உண்டு. எண்ணிப் பார்த்தேன். தலைவர், தலைமை ஆசிரியர், டீச்சர், செயலர் அம்மா. நாலு. "நான் இல்லாட்டியும் நாலு பேர் இருக்கீங்க. கைதானே, தூக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் இரண்டு தடவை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டார். கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். கெஞ்சினால் திரும்புகிற ஆள் நான் இல்லை.

மறுநாள் தங்கை எனக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். போலீஸ்காரி முகம்.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் நாற்காலியில உக்கார முடியலையா உனக்கு?"

"நாலு பேர விட்டுட்டுத்தான் வந்தேன்."

"யாரு நாலு பேரு? சொல்லு."

சொன்னேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் மூன்றாவது விரலோடு நிறுத்திவிட்டாள்.

"அந்தம்மாவுக்குக் கை கிடையாதுண்ணே. அவங்க சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க. உறுப்பினர்தான் கை தூக்கலாம். ஆறு வருஷமா எதிர்ல உக்காந்திருக்க, உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்ற சொல் என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வராது. அன்றைக்கும் வரவில்லை. ஆனால் தெரியாதுதான். அழைப்புக் கடிதம் எழுதுகிறவர் அவர், கதவு திறக்கிறவர் அவர், எல்லாம் முடிந்து விளக்கை அணைக்கிறவரும் அவர். அந்தக் குழுவில் அவருக்குக் கை இல்லை என்று நான் எப்படி நினைப்பேன்?

நேராக அலுவலகத்துக்குப் போனேன். இன்னொரு கூட்டம் போடுங்கள் என்றேன். ஏழு நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும், வருடம் முடிய மூன்று நாள்தான் இருக்கிறது என்றார். மேலதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டு இரும்பு கேட்கூட நான் செய்ததுதான். மரியாதையாக உட்கார வைத்து, "தீர்மானம் எங்கே?" என்றார். அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

நடவடிக்கைக் குறிப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகப் போனபோது தலைவரும் இருந்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்ல, அதனால கிளம்பிட்டீங்கன்னு எழுதிடலாம்" என்றார். செயலர் அம்மா பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். நோட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். 'மாலை 4.40க்கு உறுப்பினர் ஒருவர் வெளியேறினார். எண்ணிக்கை குறைந்ததால் கூட்டம் முடிந்தது. 8, 9 எடுக்கப்படவில்லை.' மெதுவாக, முழுவதும் நானே வாசித்தேன். யாரும் குறுக்கே சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.

"உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருந்தேன். இருக்கிறபடி இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் பட்டறைக்கு நகராட்சியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பம்ப் ஹவுஸ் மாடி, கோப்பு அறைக்கு ஒரு ஷட்டர். கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் கை போனது. போட்டால் வேறு ஒருவன் செய்வான், இரண்டே வருடத்தில் மக்கர் பண்ணும். அளவெடுக்கப் போனேன். உள்ளே இரும்பு அலமாரிகள் வந்து இறங்கிவிட்டன. செயலர் அம்மா போலீஸ் தொப்பியையும் மற்ற சாமான்களையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். ஒன்பதரை அடி.

"இவங்க எல்லாம் இனி எங்க பழகப் போறாங்க?" என்றேன்.

"பழகல. யார் வீட்லயாவது வச்சுக்கலாம்னா, ஆளுக்கு ஒரு நாள் தோதுப்படலைன்னு இப்பவே நாலு பேர் நின்னுட்டாங்க." டேப்பை விட்டார், அது சுருண்டு என் கைக்கு வந்தது. "ஷட்டர லேசா தூக்குற மாதிரி போடுங்கய்யா. என்னைக்காவது அத நாங்கதான் தூக்கணும்."

ஒரு சுண்டுவிரலால் தூக்கலாம். அப்படிப் போட்டுக் கொடுத்தேன். இப்போது வரிப் பிரிவு ஆள்தான் தூக்குகிறார்.

இந்த வருடம் முதல் கூட்டத்தில் நான் ஒரு விஷயம் கொடுத்தேன். செயலருக்கும் ஒரு கை வேண்டும் என்று. விதியை மாற்ற ஐந்து பேர் கை தூக்க வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். அதைப் பத்தாவதாகச் சேர்த்தார்கள். அறையைத் திரும்பக் கேட்பது வழக்கம்போல ஒன்பது.

நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். படம் எடுத்ததும் டாக்டர் வந்து, "கொஞ்சம் நகருங்க" என்றார். "முட்டி பிடிச்சிருக்கு டாக்டர், எழுந்திருக்க முடியல. நீங்களே பாருங்களேன்" என்றேன். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஏழு பேரும் இருந்தோம். தலைமை ஆசிரியர் என் வாசிப்பை மூன்று தடவை திருத்தினார். திருத்தட்டும் என்று இருந்தேன். ஆனால் ஏழு பேர் இருந்தால் ஏழு பேரும் பேசுகிறார்கள். சான்றிதழின் ஓரத்துக்குப் பச்சையா நீலமா என்பதிலேயே ஐந்து மணி ஆகிவிட்டது. காவலாளி சாவிக் கொத்தோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் கதவைத் தட்டினார்.

செயலர் அம்மா நோட்டில் எழுதினார். மூன்று முதல் பத்து வரை அடுத்த கூட்டத்துக்கு. எழுதி முடித்து நோட்டை மூடுகிறவரை நான் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் எனக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.