அவர் காது வைத்த இடம்

அறுவைக் கூடத்துக் கருவிகளைக் கழுவித் தருவதுதான் அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. கத்தரியோ இடுக்கியோ, அவள் கையைத் தாண்டித்தான் கொதிகலனுக்குள் போகும். அழுக்கு பளிச்சென்று தெரியும் இடத்தில் உட்காராது. மூட்டிலும் திருகின் மறையிலும் பதுங்கும். பிரஷ் அங்கே போக வேண்டும். வருஷக்கணக்கில் கைக்கு ஏறிய பழக்கம் அது.

அதே கை ஞாயிறுதோறும் செத்துப்போன கணவரின் காரைத் துடைத்தது. ரிமோட்டில் ஓட்டும் பொம்மைக் கார்தான், ஆனால் பேட்டரியில் ஓடுவதல்ல, எரிபொருள் குடிப்பது. அவர் இருந்தவரை சாயங்காலங்களில் வீட்டுக்குப் பின்னால் கயிற்றை இழுத்துக் கிளப்புவார். தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரவென்று ஒரு சத்தம். அவர் போன பிறகும் சத்தம் போகவில்லை. வெளிச்சம் மங்கும் நேரம் குழாயடியில் நின்றால் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும். பின்கதவைத் தாழிடாமல் விடுவாள், ஆனால் எட்டிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

அவர் செய்வதைப் பார்த்தே எல்லாம் பழகியிருந்தாள். காற்று வடிகட்டியின் பஞ்சை அலசி உலர்த்தி எண்ணெய் தடவுவாள். துருப்பிடிக்காமல் இன்ஜினுக்குள் சொட்டு எண்ணெய் விட்டுக் கயிற்றை இழுப்பாள். எரிபொருளின் அளவை வைக்கும் சின்னத் திருகு ஒன்றுக்கு மட்டும் தடை. "எதை வேணும்னாலும் தொடு. இதைத் திருகிடாத. காதால கேட்டுக் கேட்டு நான் வெச்ச இடம்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனை வரச் சொன்னாள். தினமும் வருவது அந்தச் சத்தம்தானா என்று ஒருமுறை தெரிந்தாக வேண்டும்.

"அண்ணி, என்ன இப்படி மின்னுது? அண்ணனை இதுல பாதி தேய்ச்சிருந்தா மாப்பிள்ளை மாதிரி இருந்திருப்பான்."

"உங்க அண்ணனா? குளிக்கச் சொன்னா தெருக்கோடிக்கு ஓடுவாரு."

கொழுந்தன் சிரித்துக்கொண்டே எரிபொருளை ஊற்றி, கயிற்றை இழுத்தார். இன்ஜின் பிடித்தது. மெலிந்த, கூரான அலறல். புகையே இல்லை. அவர் பதறி அணைத்தார்.

"திருகைத் தொட்டீங்களா அண்ணி? ரொம்ப உள்ள போயிருக்கு. குடிக்கப் பத்தாம கத்துது."

"சத்தியமா ஸ்க்ரூடிரைவர் வெக்கலை தம்பி."

"எப்படித் துடைப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்தாள். கை தானாகத் திருகின் தலைக்குப் போயிற்று. சுற்றிச் சுற்றி, எப்போதும் ஒரே பக்கமாக. பிரஷோடு திருகும் மயிரிழை நகர்ந்ததை இருவரும் பார்த்தார்கள்.

"விடுங்க, பழைய இடத்துலயே வெச்சிடலாம்."

"அது எந்த இடம் தம்பி?"

கொழுந்தன் ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்துப் பார்த்தார், எடுத்தார்.

பிறகு அவர் குத்துமதிப்பாகத் தளர்த்தினார். இன்ஜின் ஒழுங்காக ஓடியது. நல்ல சத்தம்தான். யாருடையதோ சத்தம். எரிபொருள் தீரும்வரை நின்று கேட்டாள். அப்புறம் துடைத்தாள், திருகருகே பிரஷ் போனதும் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெளிச்சம் மங்கியது. குழாயடியில் நின்றாள். சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது, பழைய கரகரப்பு இல்லாமல், மெலிந்து, கூராக, குடிக்கப் பத்தாமல்.

அவர் போனதிலிருந்து திறந்தே கிடந்த பின்கதவை அன்றுதான் அவள் தாழிட்டாள்.