மிலிட்டரி வாட்ச்சும் ஏழு நிமிஷமும்

போன வாரம் ஒரே நாளில் வீட்டுக்கு இரண்டு பார்சல் வந்தன. இரண்டிலும் வாட்ச். இரண்டுமே மிலிட்டரி மாடல், பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பிவிடுவதாகத் திட்டம். ஐந்தாவது நாளாக இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாக ராமநாதபுரம் கடைத்தெருவில் திரிந்துகொண்டிருக்கிறேன். காய்கறிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். வீட்டுக்காரி நேராகவே கேட்டுவிட்டாள்.

"எந்தப் பட்டாளத்துக்குக் கெளம்பிட்டீக?"

காரணத்தைச் சொன்னாலும் புரியாது. இடது கை வாட்ச்சில் எண்கள் பெரிது, பஸ்ஸில் நின்றுகொண்டே மணி பார்க்கலாம். ஆனால் நொடி முள் கோட்டின்மேல் விழாமல் கொஞ்சம் தள்ளி விழுகிறது. வலது கை வாட்ச்சில் முள் கச்சிதமாகக் கோட்டில் நிற்கிறது. ஆனால் தலைமாட்டில் கழற்றி வைத்தால் டக் டக்கென்று பல்லி மாதிரி சத்தம். ஒன்றில் தேதி உண்டு, மற்றதில் இல்லை. தேதி இல்லாததே மேல் என்று எனக்கு ஓர் எண்ணம். முப்பது நாள் மாதம் முடியும்போதெல்லாம் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். கடைசியில் இரண்டின் நைலான் பட்டையையும் மோந்து பார்த்தேன். புதுத்துணி வாடை. நைலான் பட்டைக்கு இந்த வாடையா என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த நைலான் பட்டைக்கு நண்டு வாடைதான் உண்டு.

மண்டபத்தில் கடலைப் பார்த்தாற்போல ஒரு நண்டு ஷெட் இருந்தது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் நெல் வயலும் கண்மாயுமாக வளர்ந்த எனக்கு முதல் வேலை அங்கேதான். நண்டு என்றால் வரப்பில் ஓடுவது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆளை, நீலக்கால் நண்டைக் கூடை கூடையாக அவிக்கும் இடத்தில் சூப்பர்வைசராகப் போட்டார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. கூடை நீராவிக்குள் போனதும் மணி பார்க்க வேண்டும், நேரம் வந்ததும் எடுக்கச் சொல்ல வேண்டும். முந்தினால் ஓட்டைவிட்டுச் சதை கழன்று வராது. பிந்தினால் சதை நார் நாராகிவிடும். சதை எடுக்கும் பெண்கள் நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து என்னைத்தான் திட்டுவார்கள். ஆகவே வாட்ச் எனக்கு அலங்காரப் பொருள் இல்லை, தற்காப்பு.

இன்னொரு சூப்பர்வைசர் ஹாஜா. மண்டபத்துக்காரன், என் வயது. ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வந்த இரண்டாம் நாளே என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் வாங்கிய வாட்ச் அது. கறுப்பு டயல், பச்சை நைலான் பட்டை, ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒரு வட்டம், அதற்குள்ளே பொடியாகப் பதின்மூன்று முதல் இருபத்துநான்கு வரை இன்னொரு வட்டம். விற்றவர் "ஒரிஜினல் மிலிட்டரி தம்பி" என்றிருந்தார். எந்த நாட்டு மிலிட்டரி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"மாப்ள, நம்மளதும் இதே சாதிதான்" என்று ஹாஜா தன் கையை நீட்டினான். அதே கறுப்பு, அதே உள்வட்டம், மண் நிறப் பட்டை. துபாயில் இருக்கும் அண்ணன் காதர் கொடுத்துவிட்டது. அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் பார்க்காத அந்த மனுஷரைக் காதர் காக்கா என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

அன்று தொடங்கியது எங்கள் போட்டி. தினப்படி வேலைக்கு எது நல்ல வாட்ச் என்று தீர்மானிக்காமல் விடுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம். நீராவிப் பரீட்சையில் என்னுடையது தோற்றது. கண்ணாடிக்கு உள்ளே வேர்த்து அரை நாள் மணியே தெரியவில்லை. உப்புத்தண்ணீர்ப் பரீட்சையில் அவனுடையது தோற்றது. பக்கிள் துருப்பிடித்துக் கையில் பழுப்பாக வளையம் போட்டது. முள்ளில் பூசிய ரேடியம் எவ்வளவு நேரம் மின்னுகிறது என்று பார்க்க இருட்டு வேண்டுமே? நட்டநடுப் பகலில், காலியான பெரிய ஐஸ் பெட்டிக்குள் இரண்டு பேரும் தலையை விட்டு, மூடியைப் பிடரியில் சாய்த்துக்கொண்டு குனிந்து நின்றோம். சதை எடுக்கும் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெட்டிக்குள் ஹாஜா மட்டும் தீவிரமாக எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவன் வாட்ச்சில் மணி வேறு எதையோ காட்டியது.

"அது துபாய் டைம்டா" என்றான். "காக்கா வச்சு அனுப்புனது. அவுக வந்துதான் திருகணும். எங்க தெருவுல அப்படித்தான். அனுப்புன ஆளு ஊருக்கு வந்து, வாசல்ல நின்டு, நம்ம டைமுக்கு மாத்துவாக. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

ஒன்றரை மணி நேரத்தை மனசுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு அவன் நண்டு அவித்தான். ஒரு கூடையும் பிசகியதில்லை.

அந்த வாட்ச்சை அவனைவிட அதிகம் பார்த்தது அவன் உம்மா. காலை ஏழு மணிக்கு அவனை அழைத்துப்போக நான் வாசலில் நிற்பேன். உம்மா சுவர்க்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்து, ஹாஜாவின் கையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்து, "பஸ்ஸுல ஏறிட்டான்" என்பார். காதர் காக்காவுக்கு அங்கே உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை. கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிலில் நின்று துடைக்க வேண்டும். மகன் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் உம்மா துஆ கேட்பார், மத்தியானம் ஹாஜா சாப்பாடு எடுக்க வீட்டுக்கு வரும்போது, தொட்டிலைவிட்டு இறங்கிவிட்டான் என்று வாட்ச் சொன்ன பிறகுதான் அவருக்குச் சோறு. வெள்ளிக்கிழமை தெருமுனை மளிகைக் கடைக்குக் காக்காவின் போன் வரும். மற்ற ஆறு நாளும் அந்த வாட்ச்தான் மகன்.

எனக்கும் அங்கே ஒரு பங்கு உண்டு. ஷெட்டுக்குத் திரும்பி வரும் ஹாஜாவின் கையில் இரண்டு டிபன் டப்பா இருக்கும். ஒன்று எனக்கு. தனி ரூமில் கிடந்த எனக்கு அந்த இடியாப்பமும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும்தான் ஊர்.

எல்லாப் பரீட்சையும் முடிந்து ஒன்று மிச்சமிருந்தது. எது சரியாக ஓடுகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, உம்மாவுக்குத் தெரியாமல் ஹாஜா வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "ஒரு நா வச்சுப் பாரு. திருகாணிய மட்டும் இழுத்துராத."

சாயங்காலம் ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் பீப் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பீப் அடித்தது. என்னுடையது சரியாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தால், அவனுடையது ஏழு நிமிஷம் முந்தி ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். துபாய் வாட்ச் தோற்றுவிட்டது! அடுத்து இன்னொரு நல்ல எண்ணமும் வந்தது. இரண்டையும் சரியாக வைத்தால்தானே ஒரு வாரம் ஓடவிட்டு நியாயமாக ஒப்பிட முடியும்? துபாய் நேரத்தை நான் மாற்றப்போவதில்லையே, அதிலுள்ள பிழையைத்தானே திருத்துகிறேன்? இழுத்தேன், திருகினேன், நொடி சுத்தமாகத் துபாய் நேரம் வைத்தேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு.

மறுநாள் காலை வாசலுக்கு வெளியே ஹாஜாவிடம் வாட்ச்சைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு உள்ளே போனான். உம்மா சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஏலே, ஏழு நிமிஷம் கொறையுதே."

"பேட்டரியா இருக்கும் உம்மா."

"பேட்டரி எப்படிக் கொறையும்? அவன் ஒருக்கா பஸ்ஸ விட்டுட்டு நின்டான்ல. அதுலேர்ந்து ஏழு நிமிஷம் முன்னாடி வச்சுத்தான் கட்டுவான், இதையும் அப்படித்தான் வச்சு அனுப்புனான். இத்தன நாளு ஓடுனது இன்னக்கி என்னத்துக்குக் கொறையுது?" குரல் இறங்கிவிட்டது. "எம்புள்ளைக்கு அங்கன என்னமும் ஆயிருச்சா?"

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வழியில் ஹாஜா என் முகத்தைப் பார்த்து, "நீ திருகுனியா?" என்று கேட்டான்.

"இல்ல மாப்ள."

பொய் சொல்லிவிட்டேன். செய்த தப்பைவிட இதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் காக்கா தங்கியிருந்த இடத்தில் போன் கிடையாது. வியாழக்கிழமை மத்தியானம் ஹாஜா ஒரே ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"ஒனக்கு?"

"உம்மா நோன்பு வச்சிருக்கு, காக்காவுக்காக. நானும் வச்சுட்டேன். ஒனக்கு மட்டும் செஞ்சு குடுத்துவிட்டுச்சு."

திறந்தால் இடியாப்பம் இன்னும் சூடாக இருந்தது. மூடியை அமுக்கிக்கொண்டு எழுந்து நேராக அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். வெயிலில் வந்து நின்றவனை உம்மா வியப்பாகப் பார்த்தார்.

"நான்தாம்மா திருகுனேன்."

உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில், "அப்ப அவனுக்கு ஒண்ணுமில்லல்ல?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நாலு நாளா வாசல்ல வந்து நின்டுட்டுத்தான போன? வாய்ல என்ன வச்சிருந்த?"

ஏழு நிமிஷத்தைத் திரும்ப முன்னால் வைத்துவிடவா என்று கேட்டேன். "வேணாம், நீ தொட்டது போதும். அவனே வந்து திருகட்டும்" என்றார். ஹாஜா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நண்டு நேரத்தைக்கூட வேறு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினான். டப்பா பத்து நாள் வரவில்லை. பதினோராம் நாள் வந்தது, இடியாப்பத்துக்குமேல் ஒரு முட்டையும் இருந்தது. நான் அழுததை ஐஸ் பெட்டியைத் திறப்பதுபோலக் குனிந்து மறைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் காதர் காக்கா லீவில் வந்தார். தெருவே வாசலில் நின்றது. பெட்டிகளை இறக்கும் முன்பே உம்மா அந்த வாட்ச்சைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். திருகாணியை இழுக்கப் போனவர் தன் கை வாட்ச்சையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உம்மா, என்னோட ஏழு நிமிஷம் எங்க?"

உம்மா முகவாயால் என்னைக் காட்டினார். "அந்தா நிக்கிறான்ல, அவன்ட்ட கேளு."

தெரு முழுக்கச் சிரித்தது. லீவு முடிந்து கிளம்பும்போது காக்கா மறுபடி துபாய் நேரம் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஏழு நிமிஷம் முன்னால் தள்ளி ஹாஜாவின் கையில் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அந்த வாட்ச்சைத் தொட்டதில்லை. எங்கள் போட்டிக்கும் கடைசிவரை தீர்ப்பு வரவில்லை.

அந்த ஷெட் இப்போது இல்லை. அந்த இடத்தில் ராமேஸ்வரம் போகும் வேன்கள் நிற்கின்றன. காக்கா ஊரோடு வந்துவிட்டார். உம்மா காலமாகிப் பல வருஷம். ஹாஜாவின் மகன் இப்போது துபாயில் இருக்கிறான். நேற்று ஹாஜாவுக்குப் போன் செய்து, இரண்டு வாட்ச்சில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். "இன்னுமா மாப்ள இந்தப் பைத்தியம் தெளியல?" என்றான். நீ மகனுக்காகத் துபாய் நேரத்தில் வாட்ச் எதுவும் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? வீடியோவுலயே வாரான். டைமு வேணும்னா போன்லயே ரெண்டு ஊரும் காட்டுதே."

உண்மைதான். என் போனிலும் வைத்துப் பார்த்தேன். இந்தியா ஒரு வட்டம், பக்கத்தில் துபாய் ஒரு வட்டம். நடுவில் ஒன்றரை மணி நேரம், நொடி பிசகில்லை. பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று ஒருவன் பயந்து தள்ளிவைத்த ஏழு நிமிஷம் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.