கரகக் குடமும் கொட்டாப்புளியும்

அந்தக் கரகக் குடத்தை நிமிர்த்தியது அப்பாவா, அம்மாவா? ஒரு வாரமாக யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை. என் மகளுக்கு ஒரு நாள் ஒன்று சொல்கிறேன். மறுநாள் மாற்றிச் சொல்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் ஜோகூரில் சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டப் போவார். நசுங்கிய பால் வாளிகளைச் சீராக்குவது அப்பாவின் வேலை. அதற்காகக் கொய்யாக் கட்டையில் அவரே ஒரு மரச் சுத்தி செதுக்கி வைத்திருந்தார். கொட்டாப்புளி என்போம். அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி என்று நான் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பித்தளைக் குடம் வாங்கிவரும் பொறுப்பைத் தாய்மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். சாமி குடம் தரையில் படக்கூடாது என்று அம்மா சொல்லியனுப்பினார். மாமா ரயிலில் அதை மடியிலேயே வைத்திருந்தாராம். மாட்டு வண்டியிலும் இரு கைகளாலும் கட்டிப்பிடித்தபடி வந்தார். தோட்டத்துக்குள் நுழையும்போது சக்கரம் குழியில் இறங்கியது. பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால், வண்டிக்குள்ளேயே குடத்தின்மேல் கவிழ்ந்தார்.

"தரையில படவே இல்லக்கா! என் வயிறுதான் பட்டுச்சு" என்றார்.

குடத்தின் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். நசுங்கிய குடத்தில் கரகம் ஜோடிக்க மாட்டார்கள். கரகமோ அன்று சாயங்காலமே எடுக்க வேண்டும். வேறு குடம் வாங்கிவர நேரமில்லை.

"இனிமே உங்க குடும்பத்துக்குக் கோயில் வேலையே கிடையாது" என்று திருவிழாவை நடத்திய தோட்டத்துக் கங்காணி கத்தினார். "யாருடா அங்க, இரும்புச் சுத்தியக் கொண்டா!"

"இரும்பு வேணாங்க" என்றார் அப்பா. "அடிச்ச இடமெல்லாம் தழும்பு விழும். அம்மை போட்ட முகம் மாதிரி ஆயிடும்."

"மாரியம்மன் குடம்தானே, மாமா" என்று அப்பாவிடம் முணுமுணுத்த தாய்மாமாவை அம்மா பார்த்த பார்வையில் அவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வளைந்த கம்பி ஒன்றை அப்பா மரத்துண்டில் அடித்து நிறுத்தினார். அதன் முனை எலுமிச்சை போல் உருண்டையாக இருந்தது. குடத்தின் வாய்வழியே முனையை உள்ளே விட்டு, பள்ளம் அதன்மேல் வருகிறபடி அம்மா குடத்தை அழுத்திப் பிடித்தார். பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி அப்பா கொட்டாப்புளியால் தட்டினார்.

"ஏங்க, மெதுவா."

"நீ திருப்பு, புள்ள."

ஒரு தட்டு, ஒரு நெல்லளவு திருப்பம், மறுபடி ஒரு தட்டு. பித்தளை எங்கே கீறல் விட்டுவிடுமோ என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பள்ளம் மெல்ல மேலே வந்தது. கடைசியில் கங்காணி விரலால் தடவிப் பார்த்து, எந்த இடம் என்று அப்பாவையே கேட்டார்.

சாயங்காலம் வேப்பிலையும் பூவுமாகக் கரகம் புறப்பட்டது. "எங்கப்பா நிமித்துன குடம்!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினேன். அம்மா என்னைத் திருத்தவில்லை. சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

வீடு திரும்பியதும் தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தரும்படி அம்மா கேட்டார். அவர் விரல்கள் மடங்கவில்லை. வீங்கிய மணிக்கட்டில் வளையல் இறுகிக் கிடந்தது. திருவிழாக் களைப்பு என்றுதான் நினைத்தேன்.

இப்போது நான் ஜோகூர் பாருவில் குடியிருக்கிறேன். கல்யாணத்தின்போது அந்தக் கொட்டாப்புளியை அப்பா என்னிடம் கொடுத்தார். போன வாரம் நசுங்கிப்போன என் பித்தளைக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "நான் அடிக்கிறேன், நீ பிடிச்சுக்கம்மா" என்றாள் மகள். பிடித்தேன். அவள் பிஞ்சுக் கை தட்டியதே என் மணிக்கட்டுவரை அதிர்ந்தது. அன்று அப்பா தட்டிய தட்டெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பெண்பிள்ளை பிடிக்கப் பழகினால் போதும் என்கிறார் மாமியார். அவளோ அடிக்கவே ஆசைப்படுகிறாள். எதை முதலில் பழக்குவது? பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். கிண்ணம் இன்னும் பாதி நசுங்கியபடியே இருக்கிறது.