கமராவுக்கு வைத்த பொட்டு

அப்பாவும் பெரியப்பாவும் எதற்காகக் கதைக்காமல் விட்டார்கள் என்று யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. காணிப் பிரச்சினை என்று ஒரு அத்தை சொல்வார். கல்யாண வீட்டுப் பந்தியில் மரியாதை குறைந்துவிட்டதாம் என்று அம்மா சொல்வார். பிறகு நாட்டில் சண்டை மூண்டு வன்னிக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்ததில் இருவருக்கும் நல்ல சாட்டுக் கிடைத்தது. பாதை திறந்த பிறகும் பெரியப்பா வன்னியில் ஊரோடு இருந்துகொண்டு, தம்பி முதலில் வரட்டும் என்றார். அப்பா கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, அண்ணை ஒரு வார்த்தை கூப்பிடட்டும் என்றார். வீம்பில் இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

அப்பா ஊர்ச் சங்கத்தின் தலைவர். கொழும்பிலிருந்த ஊர்க்காரர் மாதாமாதம் எங்கள் வீட்டில் கூடி, வடை தின்று, தேத்தண்ணி குடித்து, ஊரை முன்னேற்றுவார்கள். அப்படியொரு கூட்டத்தில் அப்பா எழுந்து, ஊர் வாசிகசாலைக்குக் கம்பியூட்டரும் இன்டர்நெட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். கிராமத்துப் பிள்ளைகள் உலகத்தோடு தொடர்புகொள்ள வேண்டாமா என்று கையை உயர்த்திக் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் குசினிக்குள் நின்று சிரித்தார்.

"உலகமாம்! பெரியப்பா போனும் வைச்சிருக்கிறேல்லை, ஆனா பேப்பர் பாக்க ஒவ்வொரு நாளும் வாசிகசாலைக்குப் போவார். அண்ணையின்ர முகத்தைப் பாக்க ஆசையெண்டு சொல்ல இந்த மனுசனுக்கு வாய் வரேல்லை" என்று என்னிடம் சொன்னார்.

திறப்பு விழா நாளும் வந்தது. ஊரில் மூத்தவர் என்ற முறையில் பெரியப்பாதான் அங்கே கம்பியூட்டரைத் திறந்து வைப்பார். அப்பா இங்கிருந்து திரையில் தோன்றி உரையாற்றுவார். கிருலப்பனையிலிருந்து மாமா லப்டொப்போடு வந்து சாப்பாட்டு மேசையில் வயர்களைப் பரப்பினார். நெஞ்சுக்கு மேலேதான் தெரியும் என்று மாமா எவ்வளவோ சொல்லியும் அப்பா பட்டு வேட்டி கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். அம்மா ஒரு தட்டு வடையைக் கொண்டுவந்து லப்டொப்புக்கு முன்னால் வைத்தார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் மட்டும் சாப்பிடுவது அழகில்லையாம்.

லைன் கிடைத்தது. ஊரின் சத்தமெல்லாம் கேட்டது. சேவல் கூவியது, பிள்ளைகள் கத்தினார்கள், யாரோ யாரையோ "தள்ளி நில்லுங்கோ" என்று அதட்டினார். ஆனால் திரையில் ஊரைக் காணவில்லை. திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக என்னவோ அப்பிக் கிடந்தது.

"சிக்னல் காணாது" என்றார் மாமா. வயரைப் பிடுங்கிக் குத்தினார். மஞ்சள் அப்படியே இருந்தது. அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த மஞ்சளுக்கே வணக்கம் சொல்லி உரையைத் தொடங்கினார். கடற்கரைப் பக்கம் ரயில் போனபோது நிறுத்தினார், போன பிறகு இன்னும் உரக்கத் தொடர்ந்தார். தகவல் யுகம் என்ற இடத்துக்கு வந்தபோது மஞ்சளுக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"இவன் ஏன் இப்பிடி மெலிஞ்சு போனான்? ஒழுங்காச் சாப்பிடுறேல்லையோ?"

அப்பாவின் உரை அந்த இடத்தோடு முடிந்தது. "அண்ணை" என்றார்.

"அண்ணை, எனக்கு உங்களைத் தெரியேல்லை."

"எனக்கு உன்னை வடிவாத் தெரியுது. தலைமயிரும் கொட்டிப்போச்சு."

அங்கே வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சிரித்த சிரிப்பில்தான் விஷயம் வெளிவந்தது. டிராக்டரோ தண்ணீர்ப் பம்போ, புதிதாக எது வந்தாலும் பெரியப்பா சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தொடவிட மாட்டாராம். கம்பியூட்டருக்கும் வைத்தார். திரையின் உச்சியில் நடுவே ஒரு சின்ன வட்டத்தைக் கண்டதும், பொட்டுக்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள் என்று அதன்மேலேயே அழுத்தி வைத்துவிட்டார். அதுதான் கமரா.

"துடைச்சு விடட்டே ஐயா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"விசரே பிள்ளை உனக்கு? நல்ல நாளும் அதுவுமா வைச்ச பொட்டை அழிக்கிறதோ?"

அங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடித்தார்கள். பொட்டை அழித்தால் சாமானுக்கு ஆகாது என்றது ஒரு கட்சி. கமராவுக்குப் பொட்டும் இல்லை, அமங்கலமும் இல்லை என்றது மற்றது. அப்பா திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அண்ணை, ஒருக்காத் துடையுங்கோ. உங்கட முகத்தைப் பாக்கோணும்."

மஞ்சளுக்குள்ளிருந்து பெரியப்பா பதில் சொன்னார்.

"பாக்கோணுமெண்டா வா. பாதை திறந்துதானே கிடக்கு."

அப்பா வயரைப் பார்க்கவேண்டும் என்று மேசைக்குக் கீழே போய்விட்டார். வயர் முழுக்க மாமாவின் கையில் இருந்தது. இருந்தும் அப்பா மேலே வர நேரமெடுத்தது. அம்மா வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்தக் கிழமையே நாங்கள் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் யன்னலால் தலையை நீட்டிச் சத்தி எடுத்தேன். பெரியப்பா வீட்டு வாசற் படலையில் அண்ணனும் தம்பியும் ஆளுக்காள் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்கள். எனக்கு அதில் சுவாரசியம் இல்லை. அந்தப் பொட்டைப் பார்க்க வாசிகசாலைக்கு ஓடினேன். கமரா பளிச்சென்று இருந்தது.

"அந்தப் பொட்டோ?" என்றார் அந்த அக்கா. "அண்டைக்கு நீங்கள் லைனைக் கட் பண்ணின கையோட பெரியப்பாவே சால்வையால துடைச்சுப் போட்டார்."

எனக்குப் பெரியப்பா மேல் பொல்லாத கோபம் வந்தது. அதைக் கொஞ்சம் முந்தியே துடைத்திருந்தால், நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கவே தேவையில்லை.