இடது கை நீண்ட கலைமான் ஸ்வெட்டர்

எட்கர் ராம்ஸ்டன் தன் வாழ்நாளில் பின்னல் ஊசியைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்து ஆர்டன்லி ஊரில் யார் வீட்டு ஸ்வெட்டர் கோணிக்கொண்டாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் பிளம்பர். 1956ஆம் வருடம், லீட்ஸில் ஒரு புகைப்பட நிலையத்தில் ஒழுகும் குழாயை அடைக்கப் போனார். அங்கே, ஸ்வெட்டர் பின்னும் முறையை அச்சிட்டு விற்கும் ஒரு பின்னல் தாளின் அட்டைக்குப் படம் எடுக்க எல்லாம் தயார், ஆளைத் தவிர. வரவேண்டிய மாடலுக்குப் பொன்னுக்கு வீங்கி. நூல் கம்பெனிக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். புகைப்படக்காரர் மட்டும், தொட்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த எட்கரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, உனக்கு மார்பு எவ்வளவு இருக்கும்?"

"எதுக்கு சார்? குழாய்க்குள்ளயா போகணும்?"

கடுகு நிறத்தில், நெஞ்சில் இரண்டு பழுப்புக் கலைமான்கள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும் ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அது எட்கருக்குத் தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் இழுத்துத் துணிக் கிளிப்புகளைப் போட்டார்கள். வாயில் புகைக்குழாய். "கடலப் பாரு. அங்க ஒரு கப்பல் வருது, கைய நீட்டிக் காட்டு," என்றார் புகைப்படக்காரர். கடல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வாளி இருந்தது. எட்கர் வாளியைக் காட்டினார்.

அந்தத் தாள் சக்கைப்போடு போட்டது. எத்தனை கண்ணி போட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளே அச்சிட்டிருந்தது. ஆர்டன்லிப் பெண்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை. அட்டையில் நம்ம ஊர் பிளம்பர்! அடுத்த குளிர்காலத்துக்குள் தெருவுக்கு நாலு வீட்டில் கலைமான்கள் மூக்கை உரசின.

அப்போதுதான் தெரிந்தது, அச்சுக்கோத்தவர் ஓரிடத்தில் கோட்டை விட்டிருந்தார். அவர் போட்ட கணக்குப்படி பின்னினால் இடது கை முழங்காலைத் தொட்டது. பெண்கள் ஒவ்வொருத்தரும் தப்புத் தன்னுடையது என்று நினைத்துப் பிரித்துப் பிரித்துப் பின்னிப் பார்த்தார்கள். பிறகு ஊரில் எல்லா ஆண்களின் இடது கையும் ஒரே மாதிரி தொங்குவதைக் கண்டு, நேரே எட்கர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"உனக்கு மட்டும் எப்பிடிய்யா சரியா இருந்துச்சு? கைய நீட்டு, அளக்கணும்," என்றாள் கறிக்கடைக்காரர் மனைவி டோரீன்.

"அது வேற யாரோ பின்னுனதும்மா. நான் குழாய் அடைக்கப் போனேன்."

"குழாய் அடைக்கப் போனவன் எதுக்குக் கப்பலக் காட்டுன?"

ஆண்களின் கோபம் இன்னும் பெரிது. பப்பில் அவர் நுழைந்தாலே நாலைந்து நீளக் கைகள் அவரை நோக்கி எழும். "உன்னாலதான்டா இந்த மானச் சுமந்துக்கிட்டுத் திரியிறேன்," என்று பேருந்து ஓட்டும் வில்ஃப்ரெட் ஒருநாள் அவருடைய பியரில் தன் ஸ்வெட்டர் கையை முக்கியே விட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. அது தானாகவே போய் விழுந்தது.

எட்கரின் மனைவி மேவிஸ் மட்டும் அந்த ஸ்வெட்டரைப் பின்ன மறுத்துவிட்டாள். "ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் உன் படத்த அடுப்பு மேல ஒட்டி வச்சிருக்காளுக. அதே சட்டைய நானும் போட்டுவிடணுமா? கடையில நைலான் ஒண்ணு வாங்கிக்க." அதனால் ஊரிலேயே கலைமான் இல்லாமல் நடந்த ஒரே ஆண் எட்கர்தான். அதையும் ஒரு குற்றமாகவே எண்ணினார்கள். தானே போடாததை ஊர் தலையில் கட்டியவன் என்றார்கள்.

எழுபதுகளில் காற்று மாறியது. கையில்லாத ஸ்வெட்டர்தான் நாகரிகம் என்றாகிவிட, ஆர்டன்லி முழுக்கக் கத்தரிக்கோல்கள் வேலை செய்தன. கடைசியில் அந்தக் கை ஒழிந்தது. டோரீன் தெருவில் அவரைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்தாள். ஆனால் எட்கரின் மகள் பெவர்லி, பெல்பாட்டம் கால்சட்டையால் தெருவைப் பெருக்கிக்கொண்டு போகிற வயதில் இருந்தவள், அப்பாவோடு வெளியே வரக் கூசினாள். "என் கிளாஸ் பசங்க உன்னப் பாத்தாலே கையத் தூக்கி வானத்தக் காட்டுறானுங்கப்பா. நான் பஸ்ல பின்னாடி உக்காந்துக்கிறேன்."

எண்பதுகளில் அக்குளிலிருந்து வௌவால் சிறகு போல விரியும் ஸ்வெட்டர்கள் வந்தன. அதற்குப் பின் யாரும் எதையும் பின்னவில்லை. சீனாவிலிருந்து வந்ததை மாட்டிக்கொண்டார்கள். வில்ஃப்ரெட் இறந்தபோது, கை வெட்டப்படாத அந்த ஸ்வெட்டரைப் போட்டே பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். அவன் ஆசையாம். எட்கர் குனிந்து பார்த்தார். இடது கையை அழகாக மடித்து, குண்டூசி குத்தியிருந்தார்கள். வெளியே வந்து வில்ஃப்ரெட்டின் மனைவியிடம், "மன்னிச்சுக்கம்மா," என்றார். "நீ என்னய்யா பண்ணுவ. பாவம், நல்லாத்தான் கப்பலக் காட்டுன," என்றாள் அவள்.

பிறகு, 2011இல், கலைமான்கள் திரும்பி வந்தன. லண்டனிலும் மான்செஸ்டரிலும் தாடி வைத்த இளைஞர்களுக்குப் பழைய பின்னல்மேல் பித்துப் பிடித்திருந்தது. நீண்ட இடது கையை அவர்கள் தப்பாகவே நினைக்கவில்லை. அந்தக் காலத்துக் கலைத் துணிச்சல் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தாள் பிறந்த ஊர்ப்பக்கத்திலேயே விழா எடுப்போம் என்று ஆர்டன்லி நகர மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எண்பது தாண்டிய எட்கரும் மேவிஸும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மண்டபம் நிறையக் கடுகு நிறம். மேடையில் எட்கரின் படம் சுவரளவுக்கு நின்றது. விழாவை நடத்திய இமோஜென் என்ற பெண், மிக மரியாதையான குரலில், "இந்தப் படத்துல இருக்கிறவர் ஒரு நாடக நடிகர். எழுபத்தி நாலுல காலமாயிட்டார். அவருக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்," என்றாள்.

எல்லோரும் எழுந்தார்கள். எட்கரும் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து தலைகுனிந்து நின்றார். எழாமல் இருப்பது மரியாதையாக இருக்காது என்று அவருக்குப் பட்டது. அந்த அமைதிக்கு நடுவில் மேவிஸின் சிரிப்பு பீறிட்டது. கைக்குட்டையை வாயில் திணித்துப் பார்த்தாள், அடங்கவில்லை.

இமோஜென் முகம் சிவந்து அவர்களிடம் வந்தாள். "எதுக்கும்மா சிரிக்கிறீங்க?"

"நீங்க கும்பிட்ட ஆளு இதோ நிக்கிறாரு கண்ணு. என் புருஷன். காலையில ரெண்டு முட்டை தின்னுட்டு வந்தாரு."

"இல்லம்மா, நாங்க நல்லா ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்."

"என்னத்த ஆராய்ச்சி! இந்தக் காதப் பாரு. முறம் மாதிரி நிக்குதா? படத்துலயும் நிக்குதா?"

இமோஜென் படத்தையும் எட்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். "படத்துல ஒரு காதுதான் நிக்குது. இவருக்கு ரெண்டும் நிக்குதே."

"வயசாச்சுல்ல? அதுவும் கெளம்பிருச்சு!"

எட்கர் மனைவியின் முழங்கையைப் பிடித்து மெல்ல இழுத்தார். "விடு மேவிஸ். செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். இனிமே யாரும் கைய அளக்க வரமாட்டாங்க."

இமோஜெனுக்கு மனசு கேட்கவில்லை. வயதானவர் வருத்தப்படுவாரே என்று அவரை மேடைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரு தாடிக்காரன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டிவிட்டான். எட்கர் கையை நீட்டினார்.

"கொஞ்சம் மேல, தாத்தா. அவரு இப்பிடிக் காட்ட மாட்டாரு. தூரத்துல ஏதோ அழகானதப் பாக்குற மாதிரி," என்றாள் இமோஜென்.

"இப்பிடியா?"

"பரவால்ல. கிட்டத்தட்ட வருது."

எட்கர் தலையாட்டி, நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே முயன்று பார்த்தார். ஏழெட்டுப் பேர் படம் எடுத்துக்கொண்டார்கள். கைதட்டல்கூட இருந்தது.

வெளியே வந்ததும் மீன் வறுவல் கடைக்குப் போனார்கள். எட்கர் ஒரு தட்டை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். மேவிஸ் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"செத்தவங்களுக்கு இவ்வளவு பசி எடுக்குமா எட்கர்?"

"எடுக்குது," என்றார் எட்கர். "அந்த வினிகர இங்க தள்ளு."