பரவாயில்லை என்றால் எத்தனை பர்சென்ட்?

எங்கள் வலி நிவாரணப் பிரிவில் புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகளிடம் நான் சிகிச்சை மெஷினைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவார்கள். நோயாளி “பரவாயில்லை” என்று சொன்னால் என்ன செய்வது என்பதுதான் கஷ்டமான பாடம். எனக்கு அதை நடத்தியவர் பிலோமினா அக்கா.

அவரும் கணவர் அந்தோணி அண்ணனும் விவேக் நகரில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் இருந்தார்கள். அக்காவுக்கு வலது முழங்கால் தேய்மானம். இதயக் கோளாறு இருந்ததால் மூட்டு மாற்று ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படி இறங்க முடியாமல் வீட்டோடு முடங்கியவரை, மகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் தன் ஃப்ளாட்டுக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“லிஃப்ட் இருக்குது, எல்லாம் இருக்குது. பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல சிஸ்டர். வியாழக்கிழமையானா இங்க கோயிலுக்குப் பூசைக்கு நடந்தே போய் வந்தவ நான். அங்க போய் இன்னா பண்ணுவேன்?” என்றார். நாங்கள் செய்யும் அப்லேஷன்தான் அவருக்கு மிச்சமிருந்த வழி.

முழங்கால் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் சின்னச் சின்ன நரம்புகளை ஊசிமுனைச் சூட்டால் செயலிழக்கச் செய்வதுதான் அப்லேஷன். அதற்கு முன்னால் அதே இடங்களில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டுப் பார்ப்போம். இது டெஸ்ட் பிளாக். அதில் வலி நன்றாகக் குறைந்தால்தான் அப்லேஷன். இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

பிளாக் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்தார். கன்னடக்காரர். நோயாளிகளிடமே தமிழ் கற்றவர்.

“ஆண்ட்டி, இப்போ நோவு எஷ்டு கம்மி ஆச்சு?”

“பரவாயில்லை டாக்டர்.”

“ஃபிஃப்டி பர்சென்ட் கம்மியா?”

“பரவாயில்லை.”

“எய்ட்டி?”

“அதுவும் பரவாயில்லை.”

டாக்டர் என்னை வெளியே அழைத்தார். “நம்ம கன்னடத்துலயும் பர்வாகில்ல இருக்கு சிஸ்டர். ஸுமாரா இருந்தா அப்படித்தான் சொல்வோம். பிளாக் வேலை செய்யல” என்றார். எனக்கும் குழப்பம்தான். தொம்மலூரில் தமிழும் கன்னடமும் கேட்டே வளர்ந்த எனக்கு அந்த வார்த்தை தெரியாததா? காபி நன்றாக இருந்தாலும் பரவாயில்லை, காலை மிதித்துவிட்டாலும் பரவாயில்லை. இது எந்தப் பரவாயில்லை?

அந்தோணி அண்ணனிடம் சொன்னோம். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். “அவகிட்ட போய் கேட்டா எப்பிடி சார்? என்னைக் கட்டிக்க இஷ்டமான்னு கேட்டதுக்கே பரவாயில்லைன்னவ. பிரசவ வலியிலயும் அதேதான் சொன்னா. இன்னி வரைக்கும் எனக்கே புரியல!”

சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினால் கட்டில் காலி. ஊசி போட்ட காலோடு எங்கே போனார்? மாடிப்படிப் பக்கம் ஓடினேன். கீழேயிருந்து அக்கா ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஒரு தட்டு, அதில் நான்கு டீ. கைப்பிடியைத் தொடவே இல்லை.

“யாரைக் கேட்டு எழுந்து போனீங்க?” என்று கத்தினேன்.

“காலையிலருந்து எல்லாரும் எனக்காக நின்னுக்கினே இருக்கீங்க. லிஃப்ட்ல கூட்டம், அதான் படியில வந்துட்டேன்.”

என் பின்னாலேயே வந்த டாக்டர் தட்டை வாங்கிக்கொண்டார். “மேலே ஏறும்போது நோவு இருந்துச்சா ஆண்ட்டி?”

அக்கா குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். “அட, மறந்தே போச்சு டாக்டர்.”

“அந்த பர்சென்ட் போதும்” என்றார் டாக்டர்.

அப்லேஷன் அன்று எக்ஸ்ரே அறையில் அக்காவுக்கு உதறல். “சூடு வைக்கறதா சிஸ்டர்? சின்ன வயசுல எங்கம்மாகிட்ட வாங்குனதே போதும்.” நான் கதிரைத் தடுக்க மாட்டும், முதுகை அழுத்தும் ஈய ஏப்ரனோடு பக்கத்தில் நின்று ஒரே ஒரு சட்டம் போட்டேன்: “இந்த ரூமுக்குள்ள பரவாயில்லைங்கற வார்த்தையே வரக் கூடாது.” சூடு ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குது சிஸ்டர், நல்லா வலிக்குது” என்றார். டாக்டர் உடனே நிறுத்தி இன்னும் கொஞ்சம் மரத்துப்போகும் மருந்தைக் கொடுத்தார். எத்தனை வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தாரோ! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் இரண்டு வாரம் ஊசி போட்ட இடத்தில் எரிச்சல். பிறகு வலி தணிந்தது. மூட்டு புதிதாகிவிடவில்லை. நரம்பு திரும்ப வளரும், வலியும் திரும்பலாம், அப்போது மறுபடி செய்யலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். ஆனால் விவேக் நகர் வீட்டைக் காலி செய்யும் பேச்சு நின்றது.

அதிலிருந்து நான் யாரிடமும் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதில்லை. இன்றைக்கு என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கிறேன். புதுப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லித் தருகிறேன்.

ரிவ்யூவுக்கு அக்கா கோயிலிலிருந்து நேராக வந்தார். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த நான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“இன்னா சிஸ்டர், முதுகு வலியா?”

“பரவாயில்லைக்கா.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டாக்டரின் அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“டாக்டரே, கொஞ்சம் இங்க வாங்க. சிஸ்டருக்கு நல்லா வலிக்குதாம்!”